கழற்றி வைத்த முன்பக்க ஷாஃப்ட்

பணிமனையில் இந்த மாதம் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

பழைய ஃபோர் வீல் வண்டிகளோடு மல்லுக்கட்டிய அனுபவத்திலிருந்து நாலு நல்ல விஷயம் எழுதிக் கொடுங்கள் என்று உங்கள் மேலாளர் கேட்டார். நல்ல விஷயங்கள் என்னிடம் இல்லாமல் இல்லை. அதில் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பெருமைக்காகத்தான், பல வருஷமாகச் சொல்லிப் பழகிவிட்டது.

தொண்ணூறுகளில் செங்கல்பட்டில் ஒரு அறக்கட்டளை நடத்திவந்த சிறிய மருத்துவமனையில் எனக்கு வேலை. மூன்று வண்டிகள், ஒரு தகரக் கொட்டகை, மெக்கானிக் என்று நான் ஒருவன். மூன்றில் மூத்தது ஒரு டீசல் ஜீப். அந்த மாதிரி ஜீப்பில் இஞ்சினின் இழுப்பைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோக நீளமாக ஒரு ஷாஃப்ட் இருக்கும், முன்சக்கரத்துக்கு இன்னொன்று. ரோட்டில் போகும்போது பின்சக்கரம் மட்டும் தள்ளும். மணலோ சேறோ வந்தால் டிரைவர் தன் இடது கைப்பக்கம் இருக்கும் ஒரு லிவரை இழுப்பார். முன்சக்கரமும் சேர்ந்து இழுக்கும். இவ்வளவு தெரிந்தால் நான் சொல்லப்போவதற்குப் போதும்.

ஒரு நாள் கருங்குழி தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் பின்பக்க ஷாஃப்ட் ஜாயிண்டில் உடைந்து தொங்கிவிட்டது. உள்ளே மருத்துவமனையின் தலைமை மருத்துவரான பெரிய டாக்டரம்மா, இரண்டு நோயாளிகள். நான் வண்டிக்கு அடியில் படுத்து, உடைந்த ஷாஃப்டை மொத்தமாகக் கழற்றி உள்ளே போட்டுவிட்டு, லிவரை இழுத்து, முன்சக்கரத்தின் இழுப்பிலேயே செங்கல்பட்டு வந்து சேர்ந்தேன். மருத்துவமனையே என்னைப் பற்றிப் பேசியது. இரண்டு ஷாஃப்ட் உள்ள வண்டியில் ஒன்று போனாலும் இன்னொன்று காப்பாற்றும் என்று எல்லோருக்கும் பாடம் நடத்தினேன்.

அப்படிப் பாடம் நடத்திய நானேதான் அடுத்து வருவதையும் செய்தேன். இதை யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை.

அந்த ஜீப்பை ஓட்டியவர் ஏழுமலை. என்னைவிட மூன்று நான்கு வயது பெரியவர்; நான் அவரை அண்ணாத்த என்பேன். திருக்கழுக்குன்றத்துக்காரர். அதிகம் பேசமாட்டார். வாரத்தில் இரண்டு நாள் ரெஜினா சிஸ்டரையும் மருந்துப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு, மாமல்லபுரத்துக்குத் தெற்கே இருக்கிற மீனவர் குப்பங்களுக்குப் போய்வருவார். ஸ்டியரிங்கை அவர் பிடிக்கிற விதமே தனி. தூங்குகிற குழந்தையைத் தோளில் மாற்றிப் போடுகிற மாதிரி வண்டியைத் திருப்புவார். மெக்கானிக்குக்கு அப்படி ஒரு டிரைவர் அமைவது பாக்கியம். அவர் ஓட்டிய வண்டியில் கிளட்ச் பிளேட் மற்றவர்கள் ஓட்டுவதைப் போல இரண்டு மடங்கு காலம் உழைத்தது.

ஒரு தை மாதம், ஜீப்பின் முன்பக்க ஷாஃப்டில் ஜாயிண்ட் தேய்ந்து சத்தம் போட ஆரம்பித்தது. வண்டி நாற்பதைத் தாண்டினால் காலுக்கடியில் யாரோ தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி கேட்கும். லிவரை இழுக்காவிட்டாலும் அந்த ஷாஃப்ட் சும்மா சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அதனால் சத்தம் ரோட்டிலும் விடாது. அந்த மாடலுக்கு ஸ்பேர் கிடைப்பது அப்போதே கஷ்டம். சென்னையில் சொல்லி வைத்திருந்தேன், வரவில்லை. பெரிய டாக்டரம்மாவுக்கு அந்தச் சத்தத்தில் தலைவலி வருகிறது என்று இரண்டு முறை ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு மதியம் நான் அந்த முன்பக்க ஷாஃப்டைக் கழற்றிவிட்டேன். எட்டு நட்டு, அரைமணி வேலை. துணியில் சுற்றிக் கொட்டகையின் பரணில் வைத்தேன். ஸ்பேர் வந்ததும் மாட்டிவிடலாம் என்பது எண்ணம். சத்தம் அடியோடு நின்றுபோனது. அன்று ஏழுமலை லீவில் இருந்தார்; அவர் அக்கா பெண்ணுக்குக் காதுகுத்து. வந்ததும் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அவர் வருவதற்குள் டாக்டரம்மாவே கொட்டகைக்கு வந்து, எப்படிச் சரிசெய்தாய், காதுக்கு இதமாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனார். பாராட்டு வாங்கிய பிறகு, நான் சரிசெய்யவில்லை, கழற்றித்தான் போட்டிருக்கிறேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. அவரிடம் மறைத்ததால் ஏழுமலையிடமும் சொல்லாமல் விட்டேன். ஒருவரிடம் சொன்னால் இன்னொருவருக்குப் போய்விடுமே.

கோடைக்காலம் முழுக்க எந்தச் சிக்கலும் வரவில்லை. குப்பத்துக்குப் போகும் மணல்பாதை முனையில், தார் ரோட்டிலேயே ஜீப்பை நிறுத்திவிட்டு, ஏழுமலையும் சிஸ்டரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்து போய்விடுவார்கள். லிவருக்கு வேலையே இல்லை. ஆனி மாதம் ஸ்பேரும் வந்து சேர்ந்தது. காகிதம் பிரிக்காமல் அலமாரியில் வைத்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று இரண்டு வாரம் ஓடியது. அந்த இரண்டு வாரத்துக்கு இன்றுவரை என்னிடம் ஒரு காரணமும் கிடையாது.

ஆடி பிறந்து சில நாட்கள் இருக்கும். ஏழுமலையும் சிஸ்டரும் அந்தக் குப்பத்து முனையில் நிற்கும்போது ஒரு ஆள் ஓடிவந்திருக்கிறார். சவுக்குத் தோப்பில் சருகு வாரப் போன அவர் மனைவி அஞ்சலையைப் பாம்பு கடித்துவிட்டது. கண்ணாடி விரியன், அடித்துப் போட்டிருந்தார்கள். சிஸ்டரின் பெட்டியில் அதற்கு மருந்து இல்லை. செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும். கடிபட்டவளை நடத்தக் கூடாது, வண்டியை உள்ளே கொண்டுவாருங்கள் என்று சிஸ்டர் சொல்லியிருக்கிறார். ஏழுமலை யோசிக்கவே இல்லை. அவர் கையில் ஃபோர் வீல் ஜீப் இருக்கிறது. லிவரை இழுத்தார், வேகம் கொடுத்தார், காலி வண்டி போன வேகத்திலேயே மணலைத் தாண்டிக் குப்பத்துக்குப் போய்விட்டது. அதனால் அவருக்குச் சந்தேகமும் வரவில்லை.

திரும்பும்போது உள்ளே அஞ்சலை, அவள் புருஷன், சிஸ்டர். தோப்பு முடிகிற இடத்தில் ரோட்டை நோக்கி மணல் மேடாக ஏறும். அங்கே பின்சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. ஏழுமலை லிவரைத் தள்ளி மறுபடி இழுத்தார். இறங்கி டயரில் காற்றைக் குறைத்தார். இழுத்துப் பார்த்தார். மறுபடி இழுத்தார். ஜீப் வயிறு மணலில் உட்காரும்வரை பின்சக்கரம் தோண்டிக்கொண்டே போனது. ஓடிவந்த குப்பத்து ஆட்களில் ஒருவர், முன்னாடி ரோதை சுத்தவே இல்லியே என்று சொல்லியிருக்கிறார். குனிந்து பார்க்க வழியில்லை; வண்டிக்கு அடியில் முழுக்க மணல்.

கடைசியில் குப்பத்து ஆட்கள் கரைவலைக் கயிற்றைக் கொண்டுவந்து கட்டி, ஆணும் பெண்ணுமாக இருபது பேருக்கு மேல் இழுத்து ரோட்டில் ஏற்றினார்கள். முக்கால் மணி நேரம் போயிருந்தது. அதுவரை சிஸ்டர் அஞ்சலையின் காலை அசையாமல் பிடித்துக்கொண்டு, அவள் தூங்கிவிடாமல் பேச்சுக் கொடுத்தபடியே இருந்திருக்கிறார். பிறகு ஏழுமலை திருக்கழுக்குன்றம் வழியாக ஓட்டிய ஓட்டத்தைச் சிஸ்டர் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

அஞ்சலை பிழைத்தாள். சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, பல நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, காலில் கடிபட்ட இடத்தில் தோல் கறுத்து உரிந்து, வீடு திரும்பியபோது சற்று விந்தி நடந்தாள். சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காதா என்று ஏழுமலை அங்கே ஒரு டாக்டரிடம் கேட்டிருக்கிறார். அதை யாராலும் சொல்ல முடியாது என்று அந்த டாக்டர் சொல்லியிருக்கிறார். சொல்ல முடியாது என்பதைத்தான் ஏழுமலையால் தாங்க முடியவில்லை.

பாம்பு கடித்த அன்று சாயங்காலமே சிஸ்டர் சொல்லித்தான் எனக்கு எல்லாம் தெரிந்தது. 

இனி நான் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். ஷாஃப்டைக் கழற்றியது தப்பு. சொல்லாமல் விட்டது அதைவிடத் தப்பு. ஆனால் என் பெரிய தப்பு இவை இரண்டும் இல்லை. மறுநாள் காலையில் ஏழுமலை வருவதற்கு முன்னால் நான் கொட்டகைக்குப் போய், புது ஜாயிண்டைப் பிரித்துப் போட்டு, ஷாஃப்டை மாட்டிவிட்டேன். மேலே தெரிந்த புது கிரீஸைக்கூட மணலும் தூசியும் தடவி மறைத்தேன்.

அவர் வந்து, ஃபோர் வீல் பிடிக்கவில்லை, கொஞ்சம் பார் என்றார். இரண்டு பேருமாகக் கொளவாய் ஏரிக்கரைக்கு ஓட்டிப்போனோம். ஈரமண்ணில் இறக்கி லிவரை இழுத்தார். முன்சக்கரம் இரண்டும் கவ்விப் பிடித்து, வண்டி பூனை மாதிரி மேலே ஏறியது. அவர் இஞ்சினை அணைத்தார். தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, நான்தான் சரியா போடல போலகீது என்றார்.

சில சமயம் அப்படி ஆகும் அண்ணாத்த என்றேன் நான்.

அந்த ஒரு வாக்கியத்தால் என் தப்பை எடுத்து அவர் தலையில் வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஏழுமலை வேறு ஆளானார். தினம் டூட்டி முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போவார். வீட்டிலிருந்து இட்லி கட்டிக்கொண்டு போய் அஞ்சலையின் புருஷன் கையில் கொடுத்துவிட்டு, கட்டில் பக்கம் போகாமல் வாசலிலேயே நிற்பார். வண்டியை எங்கே மண் தெரிந்தாலும் நிறுத்திவிடுவார். சாப்பாட்டு நேரத்தில் கொட்டகையில் நிற்கும் ஜீப்பில் தனியாக ஏறி உட்கார்ந்து லிவரைப் போட்டுப் போட்டு எடுப்பார். நான் எதிர்ப்பக்கம் வேறு வண்டியின் அடியில் படுத்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்பேன். பழுதே இல்லாத ஒரு கையை அவர் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய்ச் சொல்லிவிட ஒரு நிமிஷம் போதும். என் வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். பயத்தைவிட வெட்கம்தான் அதிகம். கருங்குழிக் கதையைச் சொல்லிக்கொண்டு திரிந்தவனாயிற்றே.

மூன்று வாரம் போயிருக்கும். ஒரு காலையில் ஏழுமலை கையில் ஒரு வெள்ளைத்தாளோடு என்னிடம் வந்தார். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் மருத்துவமனையில் பலருக்கும் நான் மனு எழுதித் தருவேன். தன்னை டிரைவர் வேலையிலிருந்து மாற்றி, கேட்டில் வாட்ச்மேனாகப் போடும்படி டாக்டரம்மாவுக்கு எழுத வேண்டும் என்றார். காரணம் என்ன போடுவது என்று கேட்டேன்.

"எங்கையி மேல எனக்கு நம்பிக்க இல்ல கோதண்டம். அத்த நீ எப்படி எழுதணுமோ நல்லா எழுதிக் குடு" என்றார்.

தாளை டூல்ஸ் பெட்டியின் மேல் வைத்து, பெறுநர் என்று எழுதினேன். டாக்டரம்மாவின் பதவியை எழுதினேன். ஐயா என்று எழுதி, அடித்து, அம்மா என்று எழுதினேன். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. என்ன ஆச்சு என்று அவர் குனிந்து பார்த்தார். நான் நிமிராமலேயே சொன்னேன்.

"அண்ணாத்த, நீங்க லிவரைச் சரியாத்தான் போட்டீங்க. முன்னாடி ஷாஃப்டே கிடையாது. தை மாசமே நான் கழட்டிப் பரண்ல வச்சிருந்தேன். மறுநாள் காலைலதான் மாட்டினேன்."

அவர் திட்டுவார், அடித்தாலும் அடிக்கட்டும் என்று காத்திருந்தேன். 

"அப்போ எங்கையி கரெக்டாத்தான் போட்டுச்சா?" என்று கேட்டார்.

"கரெக்டாத்தான் போட்டுச்சு அண்ணாத்த."

"ஒரு தபா இல்ல. நாலு தபா போட்டேன்."

"நாலு தபாவும் சரிதான்."

தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். வெகுநேரம் எடுக்கவில்லை. எடுத்தபோது என்னைப் பார்க்காமல், டூல்ஸ் பெட்டி மேல் இருந்த தாளையும் வாங்காமல் வெளியே போய்விட்டார்.

அந்தத் தாளிலேயே, அம்மா என்று எழுதியிருந்ததற்குக் கீழே, நடந்தது எல்லாவற்றையும் நான் எழுதி டாக்டரம்மாவிடம் கொடுத்தேன். அவர் இரண்டு முறை படித்தார். காதுக்கு இதமாக இருக்கிறது என்று தான் சொன்னதும் அதில் இருந்தது. அந்த வரியில் கொஞ்சம் நின்றார். என்னை வேலையிலிருந்து எடுக்கவில்லை. இரண்டு விஷயம் சொன்னார். இனி எந்த வண்டி கொட்டகையை விட்டுப் போனாலும், அதில் என்ன இல்லை, எது வேலை செய்யாது என்பதை டிரைவரிடம் நேரில் நீயே சொல்ல வேண்டும். சாவியோடு ஒரு அட்டையிலும் எழுதித் தொங்கவிட வேண்டும். உங்கள் பணிமனையில் சாவிக் கொத்தோடு தொங்கும் மஞ்சள் அட்டை அங்கே ஆரம்பித்ததுதான். நான் போன இடமெல்லாம் அதைக் கூடவே கொண்டுபோனேன். நிரப்ப நேரமில்லை என்று உங்களில் சிலர் சலித்துக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் இதை எழுத ஒத்துக்கொண்டேன்.

இரண்டாவது, அஞ்சலையிடம் நீயே போய்ச் சொல் என்றார்.

ஒன்பது நாள் ஏழுமலை என்னோடு பேசவில்லை. சாவி வாங்குவார், அட்டையைப் படிப்பார், போவார். பத்தாம் நாள் அஞ்சலையின் குப்பத்துக்குப் போகும் முறை வந்தது. நானும் ஏறிக்கொண்டேன். சிஸ்டர் முன்னால், நான் பின்னால். திருக்கழுக்குன்றம் தாண்டி, கடற்கரை ரோடு வந்து, மணல்பாதை முனையும் வந்தது. அந்த இடத்தில் எப்போதும் நிறுத்திவிடுகிறவர் அன்று நிறுத்தவில்லை. லிவரை இழுத்துவிட்டு நேராக உள்ளே ஓட்டினார்.

அஞ்சலை வீட்டு நிழலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். நான் மணலில் குந்தி உட்கார்ந்து சொன்னேன். அவள் புருஷன் பாதியிலேயே எழுந்து வலைப் பக்கம் போய்விட்டார். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அவள் முழுவதையும் கேட்டாள். காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தள்ளி நின்ற ஏழுமலையைக் காட்டினாள்.

"தெனம் வந்து எம் மூஞ்சியப் பாக்க முடியாம வாசல்ல நின்னுகினு இருந்தாரே அந்த மனுசன். அத்தத் தெரிஞ்சிகினு நீ எப்படிய்யா சும்மா இருந்த?"

  பிறகு அவள் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்து, எங்கள் மூன்று பேருக்கும் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள்.

திரும்பும்போது அந்த மேட்டுக்கு முன்னால் ஏழுமலை ஜீப்பை நிறுத்தினார். என்னைப் பார்த்து இறங்கும்படி தலையை அசைத்தார். இறங்கி வண்டிக்கு முன்னால் ஓரமாக நின்றேன். வெயிலில் மணல் காலைச் சுட்டது. அவர் இடது கையை லிவரில் வைத்து, அவசரப்படாமல் இழுத்து, கிளட்சை விட்டார். முன்சக்கரம் இரண்டும் மணலைப் பிடித்தன. கொஞ்சமும் தோண்டாமல், சிஸ்டரின் மருந்துப் பெட்டிகூட அசையாமல், ஜீப் மேடேறித் தார் ரோட்டில் போய் நின்றது. அவர் இஞ்சினை அணைக்காமல் எனக்காகக் காத்திருந்தார்.

ஓடிப்போய் ஏறிக்கொண்டேன். செருப்பிலிருந்து மணலைத் தட்டும்வரை பொறுத்து, கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"முன்னாடி நல்லா இஸ்துகினு போவுது கோதண்டம். மாசம் ஒரு தபா கிரீஸ் மட்டும் அடிச்சுடு."

"அடிச்சுடறேன் அண்ணாத்த" என்றேன்.